தலையாட்டும் முன் கேளுங்க! இரண்டு வீட்டுப் படங்கள் சொல்லும் பாடம்



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. இந்த இரண்டிலும்தான் போட்ட கணக்கு ஒன்றாகவும், ஆகிற செலவு வேறாகவும் இருக்கிறது. இந்த மாதப் பாடத்தில் வீட்டை எடுத்துக்கொள்கிறோம்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தால் ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கே பார்த்தாலும் செங்கல் இறங்குகிறது. ஓலையைப் பிரித்து ஷீட்டு போடுகிறோம். ஷீட்டைப் பிரித்துத் தளம் போடுகிறோம். சிப்காட் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் தங்க ஒரு அறை கூடுதலாக இழுக்கிறோம். குழுவில் வரும் கடன் மனுக்களில் 'வீடு ரிப்பேர்' என்று எழுதி வருபவை நிறைய. கடன் தவணை தவறுபவர்களிலும் வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

ஒரு 'சரி'யின் விலை

நம் உறுப்பினர் ஒருவர் ஷீட்டு வீட்டைத் தளமாக மாற்றக் குழுவில் 60,000 ரூபாய் கடன் வாங்கினார். முதல் நான்கு தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு மூன்று மாதம் பணமும் வரவில்லை, ஆளும் கூட்டத்துக்கு வரவில்லை. ஊக்குநரும் பிரதிநிதியும் வீட்டுக்கே போனார்கள்.

"ஏன்க்கா, கூட்டத்துக்கே வர்றதில்ல?"

"என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது? உங்க பணத்தக் கட்டல. வந்து உக்காந்தா எல்லாரும் என்னையேதான பாப்பீங்க?"

நடந்தது இதுதான். தளம் போடுகிற சமயத்தில் மேஸ்திரி, "படிய வெளிய போட்டுடலாமாம்மா? உள்ள இடம் மிச்சமாவும். கொஞ்சந்தான் ஆவும்" என்று கேட்டிருக்கிறார். இவரும், "சரி மேஸ்திரி, பாத்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வேலை முடிந்ததும் அந்தப் படிக்கு மட்டும் 18,000 ரூபாய் கேட்டார் மேஸ்திரி. தனியாக அஸ்திவாரம், தனியாகக் கம்பி, தனியாகக் கூலி என்று கணக்கு சொன்னார். அவர் சொன்னதில் பொய் எது, நிஜம் எது என்று இவருக்குத் தெரியவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. குழுவில் மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு, வெளியில் 100-க்கு 5 ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். மாதம் 900 ரூபாய் வட்டிக்கே போனது. அந்த 900-தான் குழுத் தவணையில் விழுந்த ஓட்டை.

கேட்டதும் நமக்கு முதலில் கோபம்தான் வந்தது. "கேக்காம எப்படிக்கா சரின்னு சொன்னீங்க?" என்று திட்டினோம். ஆனால் திரும்பி வரும் வழியில் ஒருவர் சொன்னார்: "நம்மில யாருக்குத்தான் கேக்கத் தெரியும்? நானும் அப்படித்தான் தலையாட்டினேன்."

அதன்பிறகுதான் கூட்டமைப்பு அலுவலகத்தில் டி.வி. வைத்து இரண்டு படங்களைப் பார்த்தோம். ஒன்று ஆங்கிலப் படம், சிரிப்புப் படம். இன்னொன்று தமிழ்ப் படம், கண்ணீர் வரவைக்கும் படம். ஆங்கிலப் படத்தைக் காட்சிக்குக் காட்சி நிறுத்தி, நம்ம பாஷையில் சொல்லிச் சொல்லிக் காட்டினோம்.

முதல் படம்: பட்டணத்து ஆள் கிராமத்தில் வாங்கின வீடு

படத்தின் பெயர் 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்'. பிளாண்டிங்ஸ் என்பவர் தன் கனவு வீட்டைக் கட்டுகிறார் என்று அர்த்தம். 1948-ல் அமெரிக்காவில் வந்தது. எச்.சி. பாட்டர் இயக்கியது. கேரி கிராண்ட் கணவராகவும், மிர்னா லாய் மனைவியாகவும் நடித்தார்கள். எரிக் ஹாட்ஜின்ஸ் என்ற எழுத்தாளர் தானே வீடு கட்டிப் பட்ட பாட்டை வைத்து 1946-ல் எழுதிய நாவல்தான் இந்தக் கதை.

நியூயார்க் பட்டணத்தில் சின்ன வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டு வேலை செய்யும் கஸ்ஸி என்ற பெண். கனெக்டிகட் என்ற மாநிலத்தில் கிராமத்துப் பழைய வீடு விலைக்கு வருகிறது. பார்த்ததும் ஆசை. கொஞ்சம் ரிப்பேர் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நம்ம பக்கம் சென்னையிலிருந்து காரில் வந்து தோப்பு வீட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் மாதிரிதான்.

அப்புறம் வரிசையாக அடி விழுகிறது. ஊர் விலையைவிடப் பல மடங்கு கொடுத்தது பிறகுதான் தெரிகிறது. விற்றவர் சொன்ன அளவுக்கு நிலமும் இல்லை. வீட்டைப் பார்க்க வந்த பொறியாளர்கள், "இதை ரிப்பேர் பண்ண முடியாது, இடிச்சிடுங்க" என்கிறார்கள். சரி என்று இடித்துவிடுகிறார்கள். அந்தச் சொத்தின் மேல் அடமானக் கடன் இருக்கிறது. அடமானம் பிடித்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் வீட்டை இடித்ததால், 'மொத்தப் பணத்தையும் இப்பவே கட்டு' என்று கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் கிணற்றுக்கு ஆழமாகத் துளை போட்டுக்கொண்டே போகிறார்கள், தண்ணீர் வரவில்லை. இன்னொரு பக்கம் அஸ்திவாரக் குழியில் வேண்டாத தண்ணீர் கொப்பளித்து வருகிறது. நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் இரண்டு காட்சியில் சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் காட்சி: தச்சு வேலைக்காரர் வந்து, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் பற்றி ஏதோ தொழில் வார்த்தையில் ஒரு கேள்வி கேட்கிறார். வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். தெரிந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வேண்டாம்னுதான் நினைக்கிறேன்" என்கிறார். உடனே அந்த ஆள் மேலே திரும்பி, "பிடுங்குங்கடா" என்று கத்துகிறார். போட்டு முடித்த மரம் எல்லாம் உடைகிற சத்தம் கேட்கிறது.

இரண்டாவது காட்சி: வீட்டுக்கார அம்மா ஒரு சின்ன ஆசைப்படுகிறார். மிச்சம் கிடக்கிற சில பலகைக்கற்களைப் பூ வைக்கும் அறையின் தரையில் போட்டுவிடுங்கள் என்கிறார். ஒப்பந்தக்காரரும் சரி என்கிறார். கல் கனம் தாங்க வேண்டும் என்று தரையைப் பிரிக்கிறார்கள், அடியில் இருந்த மரத்தை அறுக்கிறார்கள், சிமென்ட் போடுகிறார்கள், குழாயை மாற்றுகிறார்கள். கடைசியில் அதற்கு வந்த பில் 1,247 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அந்த அம்மா விலை கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் டி.வி.யை நிறுத்தினோம். படிக்கட்டு போட்ட உறுப்பினர் மெதுவாகச் சொன்னார்: "அது நான்தான்."

இரண்டாவது படம்: வீடு

அடுத்த வாரம் 'வீடு' பார்த்தோம். பாலு மகேந்திரா இயக்கி 1988-ல் வெளிவந்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், அதில் சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தன. பாலு மகேந்திரா 2014-ல் காலமானார். இந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

சுதா ஆபீசில் வேலை பார்க்கும் பெண். தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். வாடகைக்கு அலைந்து அலுத்துப் போய், இருக்கிற மனையில் நாமே கட்டலாம் என்று இறங்குகிறாள். கூட நின்று உதவுபவர் பானுசந்தர் நடித்த கோபி. அனுமதிக்கு அலைச்சல், பணத்துக்கு அலைச்சல் என்று அடி மேல் அடி. ஒப்பந்தக்காரர் சிமென்ட்டிலேயே கை வைக்கிறார்.

அந்தத் திருட்டைக் கண்டு சொன்னது யார்? படித்தவர்கள் இல்லை. அங்கே கல், மண் சுமக்கும் சித்தாள் மங்கம்மா. 'பசி' சத்யா நடித்த பாத்திரம். ஒப்பந்தக்காரர் கோபித்துக்கொண்டு போன பிறகும் வேலை நின்றுவிடாமல் சுதாவுக்குத் துணையாக நின்றதும் மங்கம்மாதான்.

முடிவில்தான் பெரிய இடி. அரைகுறையாக எழும்பின வீட்டுக்கு முன்னால் ஆட்கள் வந்து, இந்த இடத்தைக் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது என்கிறார்கள். கட்ட அனுமதி கொடுத்தது ஒரு அலுவலகம், நிலத்தை எடுத்தது வேறு அலுவலகம். நடுவில் நிற்கிறாள் சுதா. படம் முடிந்து விளக்கு போட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு படத்துக்கும் நடுவே 40 வருஷம். நாடும் வேறு. ஆனால் நடக்கிற தப்பு ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் தலையாட்டுவது. விலை கேட்காமல் சரி சொல்வது. காகிதத்தைப் பார்க்காமல் கல் வாங்குவது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ஐந்து பாடங்களைக் கீழே தருகிறோம்.

பாடம் 1: கல்லுக்கு முன் காகிதம்

வேலை ஆரம்பிக்கும் முன் இந்த நான்கையும் பாருங்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது? கடன் நம் பெயரில், மனை மாமனார் பெயரில் என்றால் நாளைக்கு நமக்கு என்ன பாதுகாப்பு என்று வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது. பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டம் 2016-ல் வந்தபோதே, வீடு பெண் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்கப்பட வேண்டும் என்றுதான் பொது விதி வைத்தார்கள். அரசே நம் பெயரைக் கேட்கும்போது நாம் கேட்பதில் தப்பில்லை.

வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் அலுவலகத்திலோ இணையத்திலோ குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்றை ஞாபகம் வையுங்கள். பதிவு செய்த பத்திரங்கள் மட்டும்தான் அதில் தெரியும். வாய்ப்பேச்சாக வைத்த அடமானம் அதில் வராது.

அரசு எடுத்த நிலமா, புறம்போக்கா? தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் உள்ள பகுதி நம்முடையது. அதனால் வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், சர்வே எண்ணைக் கொண்டுபோய் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும், 'நில எடுப்பில் வருதா?' என்று தனியாகக் கேளுங்கள். சுதாவுக்கு விழுந்த இடி இந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது.

அளவு. புலப்படம் வாங்கி நான்கு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். சுவர் எழுப்பின பிறகு பக்கத்து வீட்டோடு சண்டை போடுவதைவிட, முன்பே அரை நாள் செலவழிப்பது மேல்.

பழைய வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தால், இடிக்கும் முன் வங்கியில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பிளாண்டிங்ஸ் செய்த தப்பு நமக்கு வேண்டாம். புதிதாகக் கட்டுவதாக இருந்தாலும், கூடுதலாக இழுப்பதாக இருந்தாலும் ஊராட்சியில் அனுமதி கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பாடம் 2: புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள்

மேஸ்திரி கேட்கிற கேள்வி புரியாவிட்டால் மூன்றே வார்த்தை போதும்: "காட்டிட்டு கேளுங்க மேஸ்திரி." எங்கே, எவ்வளவு, ஏன் என்று சுவரிலேயே கரிக்கட்டியால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே நமக்கு ஒரு சேதி.

உடனே பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "சாயந்தரம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர்களிடம் கேட்டு வாருங்கள். நம் குழுக்களிலேயே வருஷக்கணக்காகச் சித்தாள் வேலைக்குப் போன அக்காமார்கள் இருக்கிறார்கள். கலவை எவ்வளவு, மூட்டை எத்தனை என்று அவர்களுக்குக் கண்ணாலேயே தெரியும். நாம் இதுவரை அவர்களிடம் கேட்டதில்லை. இனிமேல் கேட்போம். ஆங்கிலப் படத்திலும் கடைசியில் வீட்டுக்காரரின் வேலையைக் காப்பாற்றியது அடுக்களையில் இருந்த கஸ்ஸி சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைதான். அவருக்குக் கிடைத்தது 10 டாலர் சம்பள உயர்வு. அது போதுமா என்பதைக் குழுவில் பேசிப் பாருங்கள்.

பாடம் 3: கூடுதல் வேலைக்கு முதலில் விலை, பிறகு 'சரி'

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை சதுர அடி, கூலி மட்டுமா அல்லது பொருளோடு சேர்த்தா, எத்தனை நாள் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரியாக இதை எழுதுங்கள்: 'கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும் விலையை எழுதிக் கையெழுத்து போட்ட பிறகே செய்ய வேண்டும்.'

இந்த ஒரு வரி இருந்திருந்தால் 18,000 ரூபாய் படிக்கட்டு வந்திருக்காது. வந்திருந்தாலும் விலை தெரிந்து வந்திருக்கும். குழுவில் 100-க்கு 1 ரூபாய் வட்டியில் அந்த 18,000-ஐ வாங்கியிருந்தால் முதல் மாத வட்டி 180 ரூபாய். வெளியில் 900. மாதம் 720 ரூபாய் கூச்சத்துக்குக் கொடுத்த விலை.

ஆசைப்படுவது தப்பில்லை. பட்டணத்துப் படத்தில் ஆளாளுக்கு ஒரு குளியலறை கேட்டு வீட்டின் படமே பெரிதாகிப் போகிறது. நமக்கு ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, சாமி மாடம். ஆசையை எல்லாம் வேலை ஆரம்பிக்கும் முன் ஒரே நாளில் எழுதி, விலை கேட்டு, முடிகிறதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். வேலை நடுவில் வருகிற ஆசைதான் விலை ஏறுகிறது. போட்டதைப் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது இல்லையா?

பாடம் 4: வேலை ஏற ஏறப் பணம்

மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். கூலி 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப் பிரிக்கலாம்:

முன்பணம் 10,000. அஸ்திவாரம் முடிந்ததும் 20,000. லிண்டல் மட்டம் வந்ததும் 20,000. தளம் போட்டதும் 25,000. பூச்சு முடிந்ததும் 15,000. மீதி 10,000-ஐ ஒரு மழை பெய்து ஒழுகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

அரசாங்கமும் இப்படித்தான் கொடுக்கிறது. பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்திலும் சரி, 2024-ல் தமிழக அரசு ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லத்திலும் சரி, அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை என்று வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் பணம் விட்டார்கள். அரசாங்கமே மொத்தமாகக் கொடுக்காதபோது நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

மேஸ்திரிக்கும் ஒரு நியாயம் உண்டு. சொன்ன மட்டம் வந்ததும் அன்றைக்கே பணம் கொடுத்துவிட வேண்டும். ஆள் கூலி கொடுக்க முடியாமல் அவரை அலைக்கழித்தால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆங்கிலப் படத்தின் முடிவில் கிணறு தோண்டினவர் வந்து, தனக்குக் கூடுதலாகப் பணம் வந்துவிட்டது என்று 12 டாலர் 36 சென்ட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். நாணயமான தொழிலாளியும் இருக்கிறார். கணக்கு எழுதி வைத்தால் நாணயமானவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பாடம் 5: மூட்டையை எண்ணுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

சிமென்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. மூட்டையில் தயாரித்த வாரம், வருஷம் அச்சாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை வாங்காதீர்கள். தரையில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். 10 மூட்டை உயரத்துக்கு மேல் வேண்டாம். காலையில் எத்தனை, சாயங்காலம் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். காலி சாக்கையும் எண்ணி வையுங்கள்.

ஒரு கணக்கு தெரிந்துகொள்வோம். 10-க்கு 12 அடி அறைக்கு 5 அங்குலத் தளம் என்றால் 50 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற கலவையில் இதற்குச் சுமார் 12 மூட்டை பிடிக்கும். 8 மூட்டையில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். தளம் மெலிந்தோ, கலவை குறைந்தோ இருக்கும். 18 ஆனது என்றால் மீதி எங்கே என்று கேளுங்கள்.

பழவேற்காடு ஏரிக் கரைப் பக்கம் இருக்கிற நமக்குத் தண்ணீர் ஒரு தனிக் கவலை. பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு. வாயில் கரிக்கிற தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, சில வருஷத்தில் தளம் பொரிந்து விழும். கலவைக்கும் தளத்தில் தேக்குவதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். டிராக்டர் தண்ணீர் வாங்குகிற செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். மணலும் உப்பு மண்ணாக இருக்கக் கூடாது.

தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நம் கையில் இருக்கிற வேலை. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது. காசு செலவில்லாமல் தளத்துக்கு வலு கொடுப்பது இதுதான். இதை மேஸ்திரி தலையில் போடாமல் நாமே காலை மாலை பார்த்துக்கொள்ளலாம்.

குழுவில் எடுத்த தீர்மானம்

இந்த இரண்டு படத்தையும் பார்த்த பிறகு நடந்த கூட்டத்தில் மூன்று முடிவு எடுத்தோம். மற்ற குழுக்களும் பேசிப் பார்க்கலாம்.

ஒன்று, வீட்டு வேலைக்குக் கடன் கேட்டால் பட்டா நகலும், மேஸ்திரி கையெழுத்துப் போட்ட ஒப்பந்த நோட்டும் காட்ட வேண்டும். கடனை நிறுத்த இல்லை, கடன் வாங்குகிறவருக்குத் துணையாக.

இரண்டு, கடன் தொகையையும் வேலை மட்டத்துக்கு ஏற்ப இரண்டு தவணையாகக் கொடுப்பது. முதல் தவணைக்குப் பிறகு இரண்டு உறுப்பினர்கள் போய் வேலையைப் பார்த்து வருவது. அதில் ஒருவர் கட்டட வேலை தெரிந்த அக்காவாக இருக்க வேண்டும்.

மூன்று, நடுவில் பணம் பற்றவில்லை என்றால் வெளி வட்டிக்குப் போகும் முன் குழுவிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னவரை யாரும் பழிக்கக் கூடாது. இந்த மூன்றாவது தீர்மானம்தான் நமக்காகவே நாம் போட்டுக்கொண்டது. அவர் வாய் திறக்காததற்கு நம் பார்வையும் ஒரு காரணம்.

படிக்கட்டு போட்ட உறுப்பினருக்குக் குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்து வெளிக் கடனை அடைத்தோம். இப்போது தவணை வருகிறது. படிக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. போன மாதம் அவர் வீட்டுக்கு ஒரு கம்பி வேலைக்காரர் வந்து, "வச்சிடலாமாம்மா? கொஞ்சந்தான் ஆவும்" என்றாராம். "எவ்ளோன்னு எழுதிக் குடுங்க, குழுவுல கேட்டுட்டு சொல்றேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினோம்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் குழுவில் யார் யாருக்கு வீட்டு மனை தன் பெயரில் இருக்கிறது? கூட்டுப் பட்டா எத்தனை பேருக்கு?

2. மேஸ்திரி, கடைக்காரர், அலுவலகம் என்று எந்த இடத்தில் நாம் புரியாமலே தலையாட்டுகிறோம்? ஏன்?

3. நம் குழுவில் கட்டட வேலை தெரிந்தவர்கள் யார்? அடுத்த கூட்டத்தில் அவர்கள் அரை மணி நேரம் பாடம் எடுக்க முடியுமா?

4. இரண்டு பேர் மேஸ்திரியாகவும் வீட்டுக்கார அம்மாவாகவும் நடித்துக் காட்டுங்கள். மேஸ்திரி மூன்று கூடுதல் வேலைக்குச் சம்மதம் வாங்கப் பார்க்க வேண்டும். வீட்டுக்கார அம்மா ஒவ்வொன்றுக்கும் விலை கேட்க வேண்டும்.

வீடு நல்லபடியாக எழும்பட்டும். கடனும் நல்லபடியாக இறங்கட்டும். அடுத்த இதழில் வேறொரு பாடத்தோடு சந்திப்போம்.